தூக்கம் வராத வண்டி

காளியப்பன் பெரியப்பா காரை நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். காரிமங்கலத்திலிருந்து தருமபுரி கலெக்டர் ஆபீஸுக்கு மற்றவர்கள் அரை மணியில் போய்விடுவார்கள். அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே முந்திப் போவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பின்சீட்டில் அவருடைய ஒரே மகள் பாரதி அக்கா இருப்பார். சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்திருப்பார்கள்.

அக்கா கலெக்டர் ஆபீஸில் இளநிலை உதவியாளர். வயது முப்பத்து மூன்று. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. பதினோரு வயதுவரை அவர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு ஓடி விளையாடியவர்தான் என்று என் அம்மா சொல்வார். பெரியப்பா அப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். முகூர்த்த மாதம். இரண்டு ராத்திரி கல்யாண சவாரி போய்வந்தவர், வீட்டில் வேண்டுதல் இருக்கிறதென்று படுக்காமலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தீர்த்தமலைக்குக் கிளம்பினார். மொரப்பூர் தாண்டியதும் ஒரு நிமிடம் கண் அசந்துவிட்டது. வேன் பள்ளத்தில் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அக்காவுக்கு முதுகெலும்பு.

அதற்குப் பிறகு அவர் வாடகைக்கு ஓட்டவில்லை. வேனை விற்றுவிட்டு இருந்த மூன்று ஏக்கரில் தக்காளியும் மாமரமும் வைத்தார். ஆனால் மகளைப் பள்ளிக்கும், பிறகு கல்லூரிக்கும், பிறகு ஆபீஸுக்கும் ஒரு பழைய காரில் அவரேதான் கொண்டுபோய் விட்டார். வேறு எந்த டிரைவர் கையிலும் அவளை ஒப்படைக்கமாட்டார். அரசாங்கம் கொடுத்த பக்கச் சக்கர ஸ்கூட்டர் வீட்டில் இருந்தது. அதில் கடைத்தெரு வரைக்கும் போகலாம், ஹைவேயில் ஏறக்கூடாது என்று கட்டளை. பெரியம்மா இறந்து பத்து வருடம் ஆகிவிட்டது. அறுபத்திரண்டு வயதில் அவருக்கு இருந்த கவலை ஒன்றுதான்: தனக்குப் பிறகு பாரதியை யார் ஆபீஸில் கொண்டுபோய் விடுவது?

நான் காரிமங்கலத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் எங்கள் தெருவில் என்னிடம்தான் வரும். மையத்தில் ஒரு நாளைக்கு நூறு விண்ணப்பம் போடுவோம். ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘விதிமுறைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். விண்ணப்பிக்கிறவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். டிக் போடுவது நாங்கள். அவரும் படித்திருக்கமாட்டார், நாங்களும் படித்திருக்கமாட்டோம். அது ஒரு தவறு என்றே எனக்குத் தோன்றியதில்லை.

பைபாஸ் ஓரத்து அரை ஏக்கரை விற்ற பணத்தில் பெரியப்பா ஒரு எலக்ட்ரிக் கார் புக் செய்தார். கியர் இல்லாத கார். முன்னால் வண்டி நின்றால் தானாக பிரேக் போடும், கோட்டைத் தாண்டினால் சத்தம் கொடுக்கும். பெங்களூர் ஷோரூமில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். இரண்டே முக்கால் லட்சம் இப்போதே கட்டிவிட்டால், வருங்காலத்தில் கார் முழுக்கத் தானாகவே ஓடும் வசதி போன் அப்டேட் மாதிரி வந்து இறங்கிவிடும். அப்புறம் வாங்கினால் விலை ஏறிவிடும். இந்த மாதம் முடியும்வரைதான் சலுகை.

காரை அக்கா பெயரில் எடுக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. பாலக்கோட்டு ஜோசியர் பாரதிக்கு வாகன ராசி இல்லை என்று சொல்லிவிட்டார்.

“அதச் சொல்றதுக்கு அவருக்கு ஐநூறு ரூவா. என்னயக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பனே” என்றார் அக்கா.

பெரியப்பா சிரிக்கவில்லை. கார் அவர் பெயரிலேயே புக் ஆனது.

அந்த வாரம் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு போனில் ஒரு வீடியோ காட்டினார். சேலத்தில் ஒரு மெக்கானிக், காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி பொருத்துகிறார். அதைத் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஓட்டம். காலே வேண்டாம். இரண்டு கால்களும் இல்லாத ஒருவர் அப்படி ஓட்டிக்கொண்டு ஊட்டி வரைக்கும் போய்வந்திருந்தார். செலவு ஐம்பதாயிரத்துக்குள். லைசென்ஸும் கொடுக்கிறார்களாம். இதை அக்கா அப்பாவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டாராம்.

“நீ சொன்னா கேப்பாரு மணி. படிச்ச பையன்னு உம்மேல ஒரு மரியாத. எனக்காக ஒரே ஒரு தடவ சொல்லிப் பாரு.”

சொல்கிறேன் என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து பெரியப்பா மையத்துக்கு வந்தார். சாதிச் சான்றிதழுக்கு வெளியே வரிசை நின்றது. கார் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, தானாக ஓடும் வசதிக்கான விதிமுறைகள் எல்லாவற்றையும் படித்துச் சொல்லச் சொன்னார்; அக்காவிடம் காட்டினால் வேண்டாம் என்பார் என்று நினைத்திருக்கலாம். மொத்தம் பதினான்கு பக்கம். மூன்று பக்கம் படித்தேன். படித்ததை மறைக்காமல் சொன்னேன். எப்போது வரும் என்று தேதி போடவில்லை, அரசாங்க அனுமதி கிடைத்தால்தான் உண்டு, வந்தாலும் டிரைவர் சீட்டில் ஒரு ஆள் கவனமாக உட்கார்ந்திருக்க வேண்டும், கட்டிய பணம் திரும்ப வராது. பொறுத்துப் பார்த்து, வந்த பிறகு கட்டினால் என்ன என்றும் கேட்டேன்.

பெரியப்பா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மனுசன் கை இருக்குதே, அது எப்ப வேணாலும் தப்புப் பண்ணிரும் தம்பி” என்றார். “இதுக்குத் தூக்கம் வராது இல்ல?”

“வராதுங்க பெரியப்பா.”

“அது போதும். கட்டிரு.”

கைப்பிடியைப் பற்றிச் சொல்ல அதுதான் நேரம். என் வாய் வரைக்கும் வந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் யாரிடமும் பேசாத ஒன்றை அந்த வரிசைக்கு முன்னால் என்னிடம் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான், ‘அக்காவே ஓட்டட்டுமே’ என்று எப்படிச் சொல்வேன் என்று அப்போது தோன்றியது. அது மரியாதையா, இல்லை வரிசை நீண்டுகொண்டிருந்ததா, இல்லை இந்த மாதிரி இடத்தில் வாய் திறக்காமல் இருப்பதுதான் என் சுபாவமா? இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மீதிப் பதினொரு பக்கத்தை விரலால் மேலே தள்ளிவிட்டு, கடைசியில் இருந்த கட்டத்தில் டிக் போட்டேன். அவர் போனைத் தூரமாகப் பிடித்து ஓடிபி எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கார் வந்தது. முதல் அப்டேட் வந்த அன்று காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். “வந்திருச்சா பாரு தம்பி.” வந்தது திரைக்கு ஒரு புது நிறம். அடுத்ததில் வைப்பர் வேகம் மாறியது. அதற்கடுத்து பாட்டுக் கேட்க ஒரு செயலி. ஒவ்வொரு முறையும் பெரியப்பா ஆளில்லாத சர்வீஸ் ரோட்டுக்குப் போய், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துப் பார்ப்பாராம். பத்து எண்ணுவதற்குள் கார் கத்தும். திரும்பப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் அக்கா பின்சீட்டிலிருந்து, “அதுக்கே உங்க கைதான் வேணுமாம், பாருங்க” என்றிருக்கிறார். பெரியப்பா நேராக வீட்டுக்கு வண்டியைத் திருப்பிவிட்டாராம்.

கார் வாங்கிப் பதினான்காம் மாதம், ஒரு புதன்கிழமை காலையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நாங்கள் ஓடிப்போனபோது அக்கா சக்கர நாற்காலியை வாசற்படி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு படி. அதற்குக் கீழே இறங்க முடியவில்லை. அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் ஆறடி தூரம்கூட இருக்காது.

காரியம் முடிந்ததும் அக்கா ஒரு வாடகைக் காரில் ஆபீஸ் போய்வந்தார். சம்பளத்தில் பாதி அதற்கே போனது. காரைத் தன் பெயருக்கு மாற்ற, வாரிசுச் சான்றிதழோடு என்னிடம் வந்தார். ஆர்டிஓ வேலை முடிந்து, கார் கம்பெனிக்கும் எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. ஆழ்ந்த இரங்கல் என்று முதல் வரி. தானாக ஓடும் வசதி முதல் உரிமையாளருக்கு மட்டுமே உரியது, பெயர் மாறினால் முடிந்துவிடும் என்று இரண்டாவது வரி. ஒன்பதாம் பக்கம் என்று குறிப்பும் போட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் தேவையில்லை. அவரே படித்தார்.

“முன்னாடியே எழுதியிருந்தாங்களா?”

“ஆமாங்க்கா.”

“நீ படிச்சியா?”

“மூணு பக்கந்தான் படிச்சேன்.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சேலத்துக்காரர் இன்னும் அந்த வேலை செய்கிறாரா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார்.

செய்கிறார். ஒரே நாளில் பொருத்திவிட்டார். நாற்பத்தெட்டாயிரம்.

பழகுநர் உரிமம் கிடைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைச் சந்தைத் திடலுக்குக் கொண்டுபோனோம். சந்தை இல்லாத நாளில் அங்கே ஆடு மேய்வதைத் தவிர ஒன்றும் இருக்காது. மெக்கானிக் அனுப்பிய பயிற்சிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்சீட்டில், அக்கா எப்போதும் உட்காரும் இடத்தில். அக்கா கைப்பிடியை மெதுவாக இழுத்தார். கார் நகர்ந்தது. முதல் சுற்றில் இரண்டு முறை குலுங்கி நின்றது. மூன்றாவது சுற்றில் பயிற்சிக்காரர் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். “நல்லா வருதுங்க. பத்து நாள் போதும்” என்றார்.

பத்து நாள். நான் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா காரை நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

“அப்பா கூட உக்காந்து ஒரே ஒரு சுத்து வந்திருந்தார்னா போதும் மணி. பயத்தோடவாச்சும் வந்திருக்கலாம். அவரு பண்ணுனத நான் மனசுல வெச்சுக்கலன்னு அப்பத் தெரிஞ்சிருக்கும்” என்றார். “வாயால சொன்னா நம்ப மாட்டாரு. எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன்.”

பயிற்சிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்டார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆடுகள் விலகட்டும் என்று காத்திருந்தார்.