நானே வெட்டிவிட்ட முதல் விருப்பம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு, வித்துரா சந்தைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, பிளஸ் ஒன் விண்ணப்பத்துக்கு என் விருப்பங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேரளத்தில் ஒரே விண்ணப்பம்தான். எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று நாமே வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மேலே எழுதியது கிடைத்தால் கீழே உள்ளவை தானாகப் போய்விடும். மற்ற பிள்ளைகள் அண்ணனையோ மாமாவையோ கூட்டி வந்திருந்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடமே போகாதவர்கள். நான் தனியாக வந்திருந்தேன், அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

முதல் விருப்பமாக, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியைச் சொன்னேன். இயற்பியல், வேதியியல், கணக்கு, அவற்றோடு ஜியாலஜி. டைப் அடித்துக்கொண்டிருந்த சேச்சி கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கல் படிக்க வேண்டும் என்று இந்த வாசலுக்கு வந்த முதல் ஆள் நீதான் என்றாள். இரண்டாவதாக வித்துரா பள்ளியின் பயாலஜி பிரிவு. டாக்டராகாவிட்டாலும் நர்ஸாகலாம் என்று எல்லோரும் எனக்காக முடிவு செய்து வைத்திருந்தது அதுதான்.

ஜியாலஜி மேல் ஆசை வந்தது பஸ்ஸில். மலைமேல் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பான எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்கு இறங்கும் வழியில், சாலை போடுவதற்காகப் பாறையை வெட்டிய இடம் ஒன்று உண்டு. கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக, யாரோ மாவைப் பிசைந்து பாதியில் விட்டதுபோல் வளைந்து கிடக்கும். உள்ளே சிவப்பாகச் சிறுசிறு மணிகள். ஒன்பதாம் வகுப்பு சயின்ஸ் டீச்சரிடம் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அது பரீட்சைக்கு வராது என்றார். அன்றிலிருந்து, அது வருகிற பரீட்சை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் சிரித்தார். "கல்லு பொறுக்க எதுக்குட்டி சிட்டிக்குப் போற? மேல வா, வேண்டிய மட்டும் காட்டுறேன்."

முதல் பட்டியலில் இரண்டாவது விருப்பம் வந்தது. வித்துரா, பயாலஜி. சான்றிதழ்களோடு அம்மாவும் நானும் போனோம். மேசையில் இருந்த டீச்சர் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். முதல் விருப்பத்துக்காகக் காத்திருக்க நினைத்தால் டெம்பரவரியாகச் சேரலாம், இந்த சீட் அதுவரை எனக்கே இருக்கும். காத்திருக்க வேண்டாமென்றால் மேலே உள்ள விருப்பத்தை வெட்டிவிட்டு பெர்மனென்டாகச் சேரலாம்.

"டெம்பரவரி போதும் டீச்சர்" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். எதற்கு டெம்பரவரி என்று கேட்டாள். இந்த சீட் எங்கும் போகாது, பெயர் பதிவாகிவிடும், அடுத்த பட்டியலில் அது வந்தால் அங்கே, வராவிட்டால் இங்கே என்று சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கும் இப்பிடித்தான் சொன்னாங்க" என்றாள் அம்மா. "பேரு இருக்கு, அடுத்த லிஸ்ட்டுல வந்துரும்னு. பதினோரு வருசம் கொழுந்து பறிச்சேன். வந்துச்சா?"

தோட்டத்தில் அவள் கடைசிவரை டெம்பரவரிதான். பெர்மனென்ட் ஆட்களுக்கு முன்னால் எப்போதும் அரையடி பின்வாங்கி நிற்பாள். எனக்கு அது தெரியும். இது வேறு, இதில் பயமே இல்லை என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "உனக்கு எது வேணுமோ செய்யி, எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் பிடிவாதம் பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். நான் மேசைக்குப் போய், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி பெர்மனென்ட் என்றேன். ஜியாலஜியை வெட்டும் தாளில் அம்மா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். வெளியே வந்ததும் எனக்கு எலுமிச்சைச் சாறு வாங்கித் தந்தாள்.

இரண்டாவது பட்டியல் வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் பார்த்தேன். அந்த நகரப் பள்ளியில் ஜியாலஜிக்குக் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண் போட்டிருந்தது. என்னுடையது அதைவிடக் கொஞ்சம் அதிகம். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். சாயங்காலம் அம்மா, "அந்தக் கல்லுப் படிப்பு வந்திருக்குமா?" என்று கேட்டாள். வந்திருக்காது என்றேன். "பாத்தியா" என்றாள், அவ்வளவு நிம்மதியாக.

வகுப்புகள் தொடங்கிய பிறகு இன்னொரு வாய்ப்பும் வந்தது. பள்ளியோ பிரிவோ மாற விரும்புகிறவர்கள் இரண்டு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று கிளாஸ் டீச்சர் வாசித்தார். அதற்குள் நான் எல்லோரிடமும், பயாலஜியை நானே தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லியிருந்தேன். நகரத்தில் கிடைக்கவில்லையா என்று வகுப்பில் கேட்ட ஒருத்தியிடம், வேண்டாமென்று விட்டேன் என்றும் சொல்லியிருந்தேன். அது உண்மைதான். அதனாலேயே வாயைத் திறக்க முடியவில்லை. மாற வேண்டுமென்றால் அம்மாவின் கையெழுத்தும் வேண்டும். எதற்கு என்று கேட்பாள், நான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டிவரும். இரண்டு நாளும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பயாலஜியில் நன்றாகவே படித்தேன். இப்போது திருவனந்தபுரத்தில் பாட்டனி டிகிரி. மைக்ரோஸ்கோப்பில் இலையின் குறுக்குவெட்டு என் கையில் மெல்லிசாக வரும், டீச்சர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். யாரும் என்னைப் பார்த்து இவள் தவறான இடத்தில் இருக்கிறாள் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன்.

எங்கள் கல்லூரியில் ஜியாலஜியும் உண்டு. கீழ்த்தளத்தில். சனிக்கிழமைகளில் அவர்கள் சுத்தியலும் பையுமாக எங்கேயோ கிளம்புவார்கள், திங்கட்கிழமை வெயிலில் முகம் கறுத்து வருவார்கள். போன மாதம் நூலகத்தில் அவர்களுடைய முதலாண்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். நூலகர் என் அட்டையைப் பார்த்துவிட்டு, இது அந்தத் துறைக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுப்போம், நீ வேண்டுமானால் இங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பதினெட்டுப் பக்கம் முடிந்தது. புதன்கிழமை மதியம் எனக்கு வகுப்பில்லை. புதன்தோறும் போகிறேன்.

போன வாரம் அம்மா போனில், இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். செடி என்றுதான் சொன்னேன்.