‘ஏன் பத்திரம்?’ என்று கேட்டவர்

எனக்குச் சோறு போடுவது கெர்னல். கணினியில் நாம் பார்க்கும் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல் அது. கல்யாணமாகிக் கீரமங்கலத்துக்கு வந்த பிறகும், வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன ஆடியில் அதற்கு ஆபத்து வந்தது. நான் எழுதிய ஒரு பகுதி இந்த முறையும் ஏற்கப்படாவிட்டால் பெங்களூருக்கே வந்து உட்கார வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரோ மல்லிகைத் தோட்டத்தை விட்டு எங்கும் வர முடியாது.

தடுத்துக்கொண்டிருந்தவர், நிரலைச் சரிபார்க்கும் ஆள். எந்த நாட்டுக்காரரோ, முகம்கூடத் தெரியாது. நினைவகத்தில் ஒரே இடத்தை கணினிக்குள் ஓடும் பல வேலைகள் ஒரே சமயத்தில் படிக்கும். எல்லாம் ‘படித்துவிட்டேன்’ என்று சொன்ன பிறகுதான் அந்த இடத்தைக் காலி செய்யலாம். அவசரப்பட்டால் கணினி படுத்துவிடும். “இது பத்திரமானது” என்று நிரலுக்கு மேலே குறிப்பு எழுதியிருந்தேன். “ஏன் பத்திரம்? யார், எப்போது முடித்ததாகச் சொல்கிறார்கள்?” என்று திருப்பி அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடுகிற நிரலுக்கு என்னத்துக்கய்யா விளக்கம்?

அந்தக் கடுப்போடுதான் சொந்தக்காரர் வீட்டு மொய் விருந்துக்குப் போனேன். கறிக்குழம்பு ஊற்றிப் பிசைகிற நேரம் பார்த்து மேலாளரின் போன். ஈ மொய்க்குமே என்று இலையை மூடிவிட்டு வெளியே ஓடினேன். திரும்பி வந்தால் இலையைக் காணோம்.

“என்னக்கா, என் எலைய எடுத்துட்டீங்க? கறி அப்புடியே இருந்துச்சே!” என்றேன், பந்தியில் இலை எடுத்த அக்காவிடம்.

“மூடிட்டுத்தானம்மா போனீங்க? சாப்புட்டு முடிச்சிட்டீங்கன்னு எடுத்துட்டேன். இங்கிட்டு வாங்க, வேற எலை போடுறேன்.”

அவர் மேல் என்ன தப்பு? மூடியவள் நான். புது இலையில் உட்கார்ந்ததும் சுருக்கென்றது. என் நிரலிலும் ஒரு வேலை, ‘படித்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அதே இடத்தில் இன்னும் ஓர் எண்ணைப் படிக்கிறதே! அடக் கடவுளே. இடைவெளி கண்சிமிட்டும் நேரம்கூட இல்லாததால் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. அந்த ஆள் கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியாமல் போனது இதனால்தான்.

வீட்டுக்கு வந்து வரிசையை மாற்றினேன். முதலில் எண்ணைப் படிக்க வேண்டும், பிறகுதான் முடித்ததாகச் சொல்ல வேண்டும். யார் படிப்பார், யார் காலி செய்வார், வரிசை மாறினால் என்ன விபரீதம் என்று மேலே எழுதினேன். நிரலைவிடக் குறிப்பு நீளம். ஆனால் எழுதுவது அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

“இப்போது புரிகிறது, சேர்த்துக்கொள்கிறேன்” என்று பதில் வந்தது. விளக்கமில்லாத பகுதிகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன, வீட்டிலிருந்தே எழுதுங்கள் என்றார் மேலாளர்.

தோட்டத்திலிருந்து வந்த வீட்டுக்காரரிடம் ஓடினேன். “என்னங்க, நான் பெங்களூர் போகல!”

பூக்கூடையை இறக்கிவைத்தார். “அப்ப நீ வேலை பாக்குற ரூமுக்கு ஏசி போட்டுருவமா?”

“எத்தன நாளாக் கேக்குறேன். இப்பத்தான் தோணுச்சாக்கும்?”

“போயிருவியோன்னு பயந்துக்கிட்டுல்ல இருந்தேன். நீ இல்லாத ரூமுல ஏசியப் போட்டு நான் என்ன பண்ண?”