யாருக்கெல்லாம் டியர்

வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் பலாப்பழத்தை அறுக்கக் கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். பைக்கில் வந்து இறங்கிய மூன்று பேரில் ஒருவன் பல்லைக் காட்டுகிறான்.

"டியர், பத்து சுளை குடு டியர்."

அவள் கை நிற்கிறது. "இன்னா சொன்ன?"

"அன்பாத்தாங்க சொன்னேன். எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுவேன்."

"அப்டியா? தோ, ஜீப்பைத் தொடச்சிக்கினு கீறாரே டிரைவரு, அவரைக் கூப்டு. அப்பால அறுக்கிறேன்."

பெரிய மீசை வைத்த டிரைவர் நிமிர்ந்து பார்க்கிறார். "கூப்டு தம்பி, கேட்டுக்கினுதான் கீறேன்."

அவன் பார்வையை மீசையிலிருந்து பலாப்பழத்துக்குத் திருப்புகிறான்.

"ஏன், அவரு மேல அன்பு கம்மியா?" என்கிறாள் அவள்.

"பத்து சுளை குடுங்கக்கா" என்கிறான். அறுக்கிறாள்.

என் போனில் மேனேஜரின் செய்தி காலையிலிருந்து கிடக்கிறது. "டியர், நாளைக்கு ஞாயிறுதானே, ஆபீஸ் வந்துடு." கூடுதல் வேலை வாங்க ஒரு டியர். தோளில் கை வைக்க ஒரு டியர். லீவு கேட்டால் முறைத்துக்கொண்டே ஒரு டியர். நான்கு வருடமாக எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்றே சொல்லியிருக்கிறேன்.

இப்போது எழுதுகிறேன். "வாட்ச்மேனையும் டியர்னுதான் கூப்புடுவீங்களா சார்? என் பேர் ஸ்டெல்லா. நாளைக்கு வர மாட்டேன்."

அனுப்பிவிட்டு அவளிடம் ஐந்து சுளை வாங்குகிறேன். முதல் சுளையைக் கடிப்பதற்குள் போன் அடிக்கிறது. மேனேஜர்தான்.

அடிக்கட்டும். நான் தின்றுகொண்டிருக்கிறேன்.