டிரெஸ்ஸர் அருளப்பர் எங்கள் வீட்டில் நொண்டிய நாள்

செய்தி வந்தபோது என் முகத்தில் பாதி சவரம்தான் முடிந்திருந்தது. வாசலில் ஜட்கா வண்டிக்காரர் காசிம் பாய் நின்று, "சார், நம்ம டிரெஸ்ஸர் ஐயா பூட்டாரு" என்றார். மீதிப் பாதியை மறந்து, அவர் வண்டியிலேயே ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அருளப்பர் வீட்டுக்கு ஓடினேன். துக்க வீட்டில் என் தாடையைப் பார்த்த ஒரு பெரியவர், "அவங்க ஜனங்கள்ல இப்படித்தான் துக்கம் காப்பாங்க போல" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அருளப்பர் கேட்டிருந்தால் முதலில் அவர்தான் சிரித்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் சம்பளத்துக்குச் செய்த வேலை. வயதானவர்களை வார்டிலிருந்து வீடு சேர்ப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. அதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. நோயாளி வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், நோயாளியாக அவரே வந்துவிடுவார்.

அல்சூரில் எங்களோடு இருக்கும் என் அத்தை, ஐந்து வருஷத்துக்கு முன் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் ஒருவழியாகப் போகலாம் என்றதும், "கொல்லைக்குப் போறதுக்கு ஒருத்தர் கையைப் பிடிச்சாகணும்னா, நான் இங்கேயே கிடக்கறேன்" என்று அடம்பிடித்தார்.

"ஒரு நாள் பொறுங்க பெரியம்மா, நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றார் அருளப்பர்.

மறுநாள் காலையே வந்து, தம் வலது காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு அத்தையின் கட்டிலில் படுத்தார். "நான்தான் உங்க அத்தை. நீங்க உங்க வேலையைப் பாருங்க." முனகல் கேட்டுப் பக்கத்து வீட்டம்மாள் கஞ்சி கொண்டுவந்தார், அதையும் நோயாளிக்குரிய தளர்ச்சியோடு குடித்து முடித்தார். பிறகு கொல்லைக்குப் புறப்பட்டவர், நடையில் நான் அடுக்கி வைத்திருந்த, விற்காத என் நகைச்சுவைப் புத்தகங்களில் இடறிக் குப்புற விழுந்தார்.

பதறிப்போய்த் தூக்கினேன்.

"இதைப் படிச்சா யாராச்சும் சிரிக்கிறாங்களா சார்?"

"சுமாரா."

"பெரியம்மா விழுந்தா அழுவாங்க. எடுத்துடுங்க."

பல வருஷமாக அதையே சொல்லிவந்த என் மனைவி, அவருக்கு இரண்டாவது தடவை காப்பி கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள், அத்தை சிரமமில்லாமல் எழுந்திருக்க, கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் ஏறிவிட்டது. கட்டிலிலிருந்து கொல்லைக் கக்கூஸ்வரை இடுப்பு உயரத்தில் மூங்கில் பிடி கட்டியாயிற்று.

அடுத்த நாள் அருளப்பரோடு அத்தை வந்தார். மூங்கிலைப் பார்த்தார். எழுந்தார். நான் கையை நீட்டினேன்.

"விடுங்க சார்! நீங்க பிடிச்சா நீங்கதான் நடப்பீங்க" என்று அதட்டினார் அருளப்பர்.

மூங்கிலைப் பிடித்து, நின்று நின்று, அத்தை தனியாகப் போய்ச் சேர்ந்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நேரம் போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. பயம் தாங்காமல் கதவைத் தட்டினேன்.

"ஏண்டா, இங்கயாவது என்னை நிம்மதியா விடமாட்டியா?"

அருளப்பர் தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இப்பதான் சார், பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்காங்க."

போய்வாருங்கள், டிரெஸ்ஸர் ஐயா. கையைப் பிடிக்க நான் வரவில்லை, வந்தால் திட்டுவீர்கள்.