அரைநூலார் கட்டிய பல்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததில்லை. ஊருக்கு அவர் அரைநூல். வயதுக்கு மரியாதை கொடுக்கிறவர்களுக்கு அரைநூலார்.

தச்சு வேலைக்காரர்களுக்கு நூல் என்பது ஓர் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 'அரை நூல் கூடிப்போச்சு', 'அரை நூல் தள்ளிப்போச்சு' என்று மரத்தில் ஆரம்பித்த வாய் மரத்தோடு நிற்கவில்லை. டம்ளரில் டீ அரை நூல் இறங்கியிருந்தால் கேட்பார். முடிவெட்டுகிறவர் ஒரு பக்கக் கிருதாவை அரை நூல் தூக்கிவிட்டார் என்று பாதித் தலையோடு எழுந்து வந்தவர். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், சுவரில் கோணலாகத் தொங்கிய காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் துக்கத்தையே விசாரித்தார்.

அவருடைய வேலை மரப்பதிப்பு. ஒரு மரத்தில் பூ வடிவத்தில் குழி தோண்டுவார். வேறு நிற மரத்தை அதே வடிவத்தில் கம்பி வாளால் அறுப்பார். வச்சிரப் பசையைக் காய்ச்சித் தடவி, துண்டைக் குழிக்குள் உட்காரவைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிட்டால், பூ மரத்துக்குள்ளேயே முளைத்ததுபோல் இருக்கும். தான் பதித்த ரோஜாவில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்து ஏமாந்து போனது என்று சொல்லுவார். பார்த்த சாட்சி அவர் ஒருவர்தான். தேனீயை விசாரிக்க வழியில்லை.

மகளைக் கட்டிய மாப்பிள்ளை, ஸ்டிக்கர் கடையில் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு, மாமனாரின் தொழிலைத் தூக்கி நிறுத்துகிறேன் பேர்வழி என்று, மரம் வெட்டுகிற கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து பின்னறையில் இறக்கினார். தொழில் ஒன்றும் படுத்துக் கிடக்கவில்லை, சௌகரியமாக உட்கார்ந்துதான் இருந்தது. இருந்தாலும் தூக்கி நிறுத்தினார். படத்தைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினால், மெஷினின் முனை தானாக ஓடிக் குழியையும் தோண்டும், குழிக்கான துண்டையும் வெட்டும். அரைநூலார் முதுகு ஒடியச் செய்கிற பூவை அது டீ ஆறுவதற்குள் செய்துவிடும். அதுவே பெரிய எரிச்சல். அந்தப் பூ பார்க்க நன்றாக வேறு இருந்தது.

வேறு யாராவது என்றால் அரைநூலார் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். வந்து வாய்த்தது மாப்பிள்ளை. மாப்பிள்ளையை 'வாங்க, உட்காருங்க' என்று சொல்லலாம், திட்ட முடியுமா? ஆகவே மெஷினைத் திட்டினார். பின்னறை வாசலில் நின்றுகொண்டு, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் மெஷினின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

"காது கிழியுது. பெரியவங்க இருக்கற வீடாச்சேன்னு கொஞ்சமாவது இருக்கா இதுக்கு?"

மாப்பிள்ளை பதறி எழுந்து நிற்பார். "இனிமே கதவைச் சாத்திக்கும், மாமா."

"ஒரே அச்சுல நூறு பூ போடுது. எந்தச் செடியாவது அப்படிப் பூக்குமா? சுயபுத்தி இல்லாத ஜென்மம்."

"நான் எடுத்துச் சொல்றேன், மாமா. கேட்டுக்கும்."

அடுப்படியிலிருந்து அரைநூலாரின் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அந்த அம்மாளுக்கு ஜாடைப் பேச்சு பிடிக்காது. எதையும் நேருக்கு நேர், பாத்திரத்தை ஓங்கி வைத்துக்கொண்டு பேசுகிற ரகம்.

பிரச்சினை இரண்டாவது மெஷினில் வெடித்தது. மாப்பிள்ளைக்கு இன்னொன்று வாங்க ஆசை. வைக்க இடம் முன்னறைதான். அங்கே ஜன்னலோரத்தில் அரைநூலாரின் வேலை மேஜை இருந்தது. மேஜையை எடுத்தால் பின்பக்கக் கொட்டகைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு குண்டு பல்பும், அடுத்த வீட்டுக் குளியலறைச் சுவரும் மட்டும்தான் உண்டு. ஜன்னல் போனால் தெரு போய்விடும், எந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்ற விவரமெல்லாம் போய்விடும் என்று அரைநூலார் ஊரெல்லாம் புலம்பினார். உண்மையான காரணத்தை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்தால்தான் வாள் போகிற கோடு தெரிந்தது. கொட்டகைக்குப் போனால் தன் கதை முடிந்தது என்று நிஜமாகவே பயந்தார். ஊரார் கிருதாவில் அரை நூல் கண்டுபிடித்த மனிதன், கண்ணாடி போட வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்லுவான்?

அந்தச் சமயத்தில் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். காத்திருக்கும் அறையில் அவருக்கு ஒரு சுவர் அலமாரி வேண்டும். கதவில் பெரிய முதலை பதிக்க வேண்டும். வாய் நிறையப் பல் வேண்டும், குழந்தைகள் பார்த்துச் சிரிக்க வேண்டும். மேல்கதவு மேல்தாடை, கீழ்க்கதவு கீழ்த்தாடை. மூடினால் மேல்பல் கீழ்ப்பல்லின் இடுக்கில் போய் உட்கார வேண்டும்.

"முதலையே சொல்லட்டும்" என்று அரைநூலாரின் மனைவி தீர்ப்பு வழங்கினாள். "மேல்வரிசைப் பல்லு கையால. கீழ்வரிசை மெஷின்ல. எந்த வரிசை நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லட்டும். ஜெயிச்சவங்களுக்கு ஜன்னல். அதுக்கப்புறம் யாராவது முணுமுணுத்தா சோறு கிடையாது."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சோறு சம்பந்தப்பட்ட விஷயம்.

கதவுப் பலகைகளை மெஷின் அறுத்தது. இரண்டு தாடைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று மாப்பிள்ளை கேட்டார். அரைநூலார் மெஷினைப் பார்த்து, "அரை நூல் விட்டாப் போதும்னு அதுகிட்டச் சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு அரைநூலார் மேல்வரிசையை ஆரம்பித்தார். பல் ஒவ்வொன்றையும் வெள்ளை மரத்தில் அறுத்து, பலகையின் முழுக் கனத்துக்கும் பதித்தார். முன்பல் கொஞ்சம் எடுப்பு, ஓரப்பல் கொஞ்சம் சாய்வு. அவருக்கு மாமியார் முறையான ஒரு அம்மாளின் வாயை மனதில் வைத்துக்கொண்டு செய்தார் என்று நான் சந்தேகப்படுகிறேன். கீழ்வரிசையை மெஷின் ஒரே காலை நேரத்தில் முடித்தது. ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றன பற்கள்.

கதவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது சிக்கென்று பொருந்தின. கொஞ்சம் அதிகமாகவே சிக்கென்று. அரைநூலாருக்கு விரல் வைத்த உடனே தெரிந்துவிட்டது, இடைவெளி குறைச்சல் என்று. ஆனால் அதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்லுவது? மரியாதைக் குறைவாகிவிடுமே. மாப்பிள்ளை கடைக்குப் போன நேரம் பார்த்துப் பின்னறைக்குப் போய், மெஷினிடம் தெளிவாகச் சொன்னார். "இடைவெளி பத்தல. பின்னால கஷ்டப்படுவீங்க."

மெஷின் அதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

மேலே பாலிஷ் ஏறியது. அலமாரி ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறியது. மழையும் பிடித்துக்கொண்டது. நனைந்த குடைகளும் ஈரத் துணிகளுமாக ஜனங்கள் அந்த அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, மரம் ஊதியது. ஒரு காலை டாக்டர் ஓர் ஆளின் புதுப் பல்செட்டை அலமாரிக்குள் வைத்து மூடினார். அத்தோடு முதலை வாயைத் திறக்க மறுத்துவிட்டது.

பல்செட்டுக்குச் சொந்தக்காரர் சாதாரண ஆள் இல்லை, ஊரறிந்த மேடைப் பேச்சாளர். அன்று சாயங்காலம் அவருக்குக் கூட்டம் இருந்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் கருவிப் பையோடு போய்ச் சேர்ந்தபோது அவர் ஈறுகளோடு நின்று முதலையை மிரட்டிக்கொண்டிருந்தார்.

"என் ஃபல்லைக் குடு" என்றார் முதலையிடம். பிறகு அரைநூலாரைப் பார்த்து, "இது அஹ்ஹிரமம்" என்றார்.

"ஒரு பல்லைக் கழட்டணும். அந்தச் சந்துல கொக்கி விட்டு இழுத்தா வந்துரும்" என்றார் அரைநூலார்.

"என் பல்லையே கழட்டறேன், மாமா" என்று மாப்பிள்ளை முன்னால் வந்தார். கீழ்வரிசையில் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினார். நெம்பினார். தொங்கினார் என்றே சொல்லலாம். அது புதுக்காலத்துப் பசை, கல்லாக இறுகியிருந்தது. பல்லின் ஓரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்ததே தவிர, வேர் அசையவில்லை.

"விடுங்க மாப்பிள்ளை" என்று அரைநூலார் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முதலையின் முகத்தருகே போனார். அறை மழைக்கு இருட்டிக் கிடந்தது. பல்லின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினார், கிடைக்கவில்லை. ரசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு நகத்தால் தடவித் தேடினார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், நோயாளியின் வாய்க்குள் அடிக்கிற பெரிய விளக்கை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து, முதலையின் வாயில் அடித்தார். அரைநூலாருக்கு உலகம் தெளிந்தது. பல்லில் சுடுதண்ணீர்த் துணியை வைத்துக் காத்திருந்தார். கத்தி முனையைச் சூடாக்கி விளிம்பில் ஓட்டினார். வச்சிரம் இளகியது. பல் வெண்ணெயில் விட்ட கத்தியாட்டம் வழுக்கிக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

கொக்கி போனது, முதலை வாயைப் பிளந்தது. பேச்சாளர் பல்செட்டைப் பறித்துப் போட்டுக்கொண்டு, நன்றி சொல்ல மறந்து, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார். இப்போது ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று கேட்டது.

அரைநூலார் இரண்டு தாடைகளின் நடுவே விரல் வைத்துப் பார்த்தார். திட்டு வாய் வரை வந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டு மெஷின் இங்கே இல்லை. வேறு வழியில்லாமல், நாற்காலியோடு வந்திருந்த பல் குடைகிற மெஷினைப் பார்த்துச் சொன்னார். "அரை நூல் விடச் சொன்னா, காத்துகூடப் போகாம வெட்டி வச்சிருக்கு இது."

"என் மெஷின் என்னங்க பண்ணுச்சு?" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "சரியா அரை நூல்தான் விட்டேன், மாமா. அத்தையோட தையல் டப்பாவுல இருந்து வெள்ளை நூல் எடுத்து, அதோட கனத்தை அளந்து, பாதியாக்கித்தான் போட்டேன்."

 பேச்சாளர்கூடத் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

"தையல் நூலா?" என்றார் அரைநூலார்.

"வேற எந்த நூல், மாமா?"

பேச்சாளர் சிரித்த சிரிப்பில் புதுப் பல்செட் கழன்று கையில் விழுந்தது. அரைநூலார் சிரிக்கவில்லை. தாமாவது நேரில் ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாமே என்று அவருக்கு உறைத்தது. அது நிலைப்பதற்குள் ஜன்னல் ஞாபகம் வந்துவிட்டது. கையிலிருந்த முழுப் பல்லை டாக்டரின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாத்தீங்களா டாக்டர்? கைவேலை. வேணும்னா கழட்டலாம், வேணும்னா மாட்டலாம். அதையும் பாருங்க, கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கு. இப்ப சொல்லுங்க, எந்த வரிசை நல்ல வரிசை?"

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சின்னக் கண்ணாடியை எடுத்து இரண்டு வரிசையையும் பார்த்தார், கம்பியால் தட்டினார். தொழில் புத்தி யாரை விட்டது.

"உளி வச்சு இடிச்சும் கீழ்வரிசை ஆடல. உங்க பல்லு வெந்நீர் பட்டதுக்கே வந்துருச்சு. எங்க படிப்புல இதுக்குப் பேரு வேற, பெரியவரே. நல்ல பல்லுன்னா ஆடாத பல்லுதான்."

அரைநூலாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கொடுத்த வாக்கு வாக்குதான். டாக்டர் சொன்னபடி தாடைகளை இழைத்து இடைவெளியைச் சரியாக்கி, பல்லைத் திரும்ப ஒட்டிவிட்டு, இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும், "மேஜையைத் தூக்குங்க மாப்பிள்ளை" என்றார்.  

மனைவி வாசல் கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மேஜையை நிலைப்படி வரைக்கும் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை இறக்கி வைத்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து மேஜையை அளந்தார், நிலையை அளந்தார், இன்னொரு முறை மேஜையை அளந்தார்.

"போகாது, மாமா. ஒரு நூல் இடிக்குது."

அரைநூலார் குனிந்து பார்த்தார். மேஜைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம். கண் எவ்வளவு மங்கினாலும் பூனை போகிற சந்து தெரியாமல் போகுமா? நிமிர்ந்து, முதல்முறையாக மாப்பிள்ளையை முகத்துக்கு நேராகப் பார்த்தார். மாப்பிள்ளை டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார், சுருட்டி முடித்த டேப்பைத் திரும்பவும் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து ஒருவருக்கும் அரை நூல் விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். 

"ஒரு நூல் இல்ல, மாப்பிள்ளை" என்றார். "நல்லாப் பாருங்க. ஒன்றரை நூல்."

"ஆமாம், மாமா. ஒன்றரை நூல்."

"அப்ப உள்ள எப்படி வந்துச்சாம்?" என்றாள் மனைவி.

"மழைக்கு ஊதியிருக்கும், அத்தை."

"எது, மேஜையா, கதவா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டும்தான்" என்றார் அரைநூலார்.

அந்த அம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, புது மெஷினுக்காகக் கொட்டகையைக் கூட்டப் போனாள்.