கல்யாண மேளம் அடித்த வேன்

அவர் புளத்கொகுபிட்டிய ஊரில் வேன் டிரைவர். மெலிந்த உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். வேனுக்குப் பாட்டுப் போடும் கெசட் செட்டையும் தானே வயர் இழுத்துப் பூட்டியிருந்தார்.

என் மகளுக்குப் பிரசவ வலி கண்டு அவருடைய வேனில் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, வளைவுக்கு வளைவு கல்யாண மேளம் கேட்டது.

"பாட்ட நிப்பாட்டிட்டு ஹோர்ன் அடிங்க தம்பி," என்றேன்.

"ஹோர்னத்தாம்மா அடிக்கிறேன். வயர மாத்திப் பூட்டிட்டேன். அமுக்குனா மேளந்தான் வருது."

வலியிலும் மகள் சிரித்துவிட்டாள். எதிரே வந்த லொறிகள் கல்யாண வேன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டன. ஒரு பஸ்கூடப் பின்னால் போய் இடம் கொடுத்தது.

ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்தில் பேரன் பிறந்தான். வெளியே வந்து அவரிடம் சொன்னேன்.

"வெறும் ஹோர்னுக்கு இப்பிடி வழி விடுவாங்களாம்மா?" என்றார்.

தப்பாகப் பூட்டியதற்கு இவ்வளவு பெருமைப்பட்ட மனிதரை நான் பிறகு பார்த்ததேயில்லை.