தலையில் கட்டி இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் தலையில் ஒரு கட்டி இருக்க வேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்தவள் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் எஸ்தர். ஊர் சோழவந்தான். கணவர் பஸ் கண்டக்டர். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் எனக்குள் ஏதோ அணைந்துபோனது. அதைத் துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. குளிக்க எழுந்து போகவே அரை நாள் ஆனது. பள்ளியில் வாங்கிய பரிசை மகள் கொண்டுவந்து காட்டியபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிந்தது. காலையில் ஏன் கண் விழித்தோம் என்று அழுதேன்.

சபையில், "விசுவாசம் கொறஞ்சுபோச்சு" என்றார்கள். கணவர், "காய்ச்சலா, ஒண்ணா? நல்லாத்தான இருக்க? எந்திரிச்சு வேலையப் பாரு" என்றார். அதனால்தான் கட்டி கேட்டேன். கட்டி இருந்தால் நம்புவார்களே!

தலைவலி விடாமல் இருந்ததால் கணவர் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படமெடுத்து அங்கே ஆராய்ச்சியும் செய்தார்கள். அதில் சேரச் சம்மதமா என்றார். கையெழுத்துப் போட்டேன்.

குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். தடதடவென்று சத்தம். ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளாவது என்னை நம்பணும்." அவ்வளவுதான் வந்தது.

"கட்டி எதுவும் இல்ல" என்றார் டாக்டரம்மா.

"பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றார் கணவர்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல. கட்டி இல்ல, அம்புட்டுத்தான். இந்த நோய ஒருத்தரோட படத்த மட்டும் வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. நெறையப் பேரு படத்தச் சேத்துப் பாத்து நாங்களே இப்பத்தான் படிச்சுக்கிட்டு இருக்கோம். படத்துல தெரியாட்டியும் நோய் நெசம். இவங்க நடிக்கல."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பெஞ்சில் உட்கார்ந்ததும் கணவர் அழுதுவிட்டார். "எனக்கு வெளங்காமப் போச்சு, எஸ்தர். இம்புட்டு நாளும் ஒத்தையிலயா கெடந்த?"

எனக்கு அழுகைகூட வரவில்லை. ஆனால் என் ஜெபம் கேட்கப்பட்டது என்று தெரிந்தது.

சுகம் உடனே வரவில்லை. முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மாற்றினார்கள். வாராவாரம் அங்கே மனநல ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். கணவர் லீவு போட்டுக் கூட வந்தார். பல வாரம் கழித்து ஒரு மத்தியானம், ரசத்தில் புளி கூடியிருப்பது, அதுவரை எந்த ருசியும் தெரியாத என் நாக்கில் உறைத்தது. அன்றைக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு மறுபடியும் படமெடுத்தார்கள். அதில் என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

இன்னும் இருட்டான காலைகள் வருகின்றன. மாத்திரையை நிறுத்தவில்லை. போன ஞாயிறு ஆராதனையில் என்னால் பாட முடியவில்லை. ஆனாலும் வந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெலனைத் தந்த தேவனுக்கு நன்றி.

உங்களில் யாராவது இப்படிக் கிடந்தால் தேவனை நோக்கிக் கூப்பிடுங்கள். வார்த்தை வராவிட்டாலும் அவருக்குக் கேட்கும். கூப்பிட்டுவிட்டு டாக்டரிடமும் போங்கள். அவரையும் தேவன்தான் வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிக் கிடந்தால், அத்தாட்சி கேட்காமல் நம்புங்கள்.